எட்டு அங்குலக் காற்று

வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் மீன் தொட்டியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன, தண்ணி குறைஞ்சு கிடக்கு? ஊத்தலையா?" என்பதுதான். 2 அடி நீளம், 1 அடி அகலம், 18 அங்குல உயரம் உள்ள தொட்டி அது. அதில் தண்ணீர் 10 அங்குலம்தான். மேலே இருக்கும் 8 அங்குலக் காற்றையும் செடிகளுக்கு எழுதி வைத்துவிட்டேன். கேட்டவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஐந்து நிமிடம் கழித்து அவர் தண்ணீரைப் பற்றிப் பேசமாட்டார்.

ஏரிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கண் நிற்கிற இடம் ஏரியின் நடு அல்ல, ஓரம். கோரையும் சம்பும் முளைத்து நிற்பது அங்கேதான். நீர்முள்ளி பூப்பதும், தட்டான் வந்து உட்காருவதும், கொக்கு ஒற்றைக்காலில் காத்திருப்பதும் அங்கேதான். வீட்டில் மீன் தொட்டி வைக்கும்போது மட்டும் இந்த ஓரத்தை மறந்துவிடுகிறோம். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மூடியைப் போட்டு, ஏரியின் நடுவை மட்டும் கொண்டுவந்து வைக்கிறோம். கரையையும் சேர்த்துக் கொண்டுவருவதுதான் இந்தக் கலை. அதற்கு முதலில் வேண்டியது, தொட்டியை நிரப்பாமல் விடும் மனசு.

என்னை இதற்குள் இழுத்துவந்த செடி வாட்டர் விஸ்டீரியா. தாவரவியலில் ஹைக்ரோபிலா டிஃப்பார்மிஸ். இந்தியத் துணைக்கண்டத்துச் சதுப்புகளில் இயல்பாக வளர்வது. நம் நீர்முள்ளிக்கு நெருங்கிய உறவு, கனகாம்பரத்துக்குத் தூரத்துச் சொந்தம். தண்ணீருக்குள் இதன் இலையைப் பார்த்தால் சீப்பில் வாரி விட்டதுபோல் இருக்கும். நடு நரம்புவரை ஆழமாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவும் மறுபடி பிளந்து, தண்ணீர் அசையும்போதெல்லாம் தானும் அசையும். ஒருநாள் அதன் நுனி நீர்மட்டத்தை முட்டியது. வழக்கமாகக் கிள்ளிவிடுவேன், அன்று விட்டுவிட்டேன். அடுத்துக் காற்றில் பிறந்த இலை பாதிதான் பிளந்திருந்தது. அதற்கடுத்த ஜோடியின் ஓரத்தில் ஆழமான வெட்டு மட்டும். அதற்கும் மேலே வந்தது, அரம்பப் பல் விளிம்போடு முழுசான ஒரு இலை. தடிப்பாக, மேலே மெல்லிய ரோமத்தோடு. ஒரே தண்டில் அடியிலிருந்து நுனிவரை விரலை ஓட்டினால், அந்தச் செடி தண்ணீரைவிட்டு எழுந்துவந்த கதை கணு கணுவாகக் கைக்குத் தட்டுப்படும்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரிந்தால் ரசனை கூடத்தான் செய்கிறது. காற்றில் இருக்கும் இலைக்கு உலர்ந்துபோகாமல் இருக்க மேலே மெழுகுத்தோல் வேண்டும். மூச்சுவிட இலைத்துளைகள் வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் இலைக்கு இரண்டும் பெரும்பாலும் வேண்டியதில்லை. அது தனக்கு வேண்டியதைத் தன் உடம்பு முழுவதாலும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மெல்லியதாக, பிளவுபட்டு, பரப்பைப் பெருக்கிக்கொள்கிறது. தண்டும் அப்படித்தான். நீருக்குள் தண்ணீரே தாங்குவதால் துவண்டு கிடக்கலாம். வெளியே வந்தால் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

இது தெரியாத காலத்தில் ஒரு நல்ல செடியை இழந்திருக்கிறேன். நர்சரிகளில் பெரும்பாலான தொட்டிச் செடிகளைத் தண்ணீருக்கு மேலேதான் வளர்க்கிறார்கள். அப்போதுதான் சீக்கிரம் வளரும், பாசியும் நத்தையும் ஒட்டாது. அந்த இலைகளோடு வாங்கிவந்து முக்கினால், காற்றுக்காக உண்டான இலைகள் சில நாளில் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கி எறிந்தேன். வேர் உயிரோடு இருந்திருக்கிறது. தண்ணீருக்கு ஏற்ற புது இலையை விட அது தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றிலிருந்து எந்தச் செடியையும் வேரைப் பார்க்காமல் எறிவதில்லை.

மேலே எழுந்த செடிக்குக் கிடைக்கும் பெரிய வரம், காற்று. தண்ணீரில் கரியமில வாயு பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. தண்ணீருக்குள் பசுமையாக வளர்க்க நினைப்பவர்கள் சிலிண்டர் வாங்கிக் குமிழி குமிழியாக அந்த வாயுவை விடுவது இதனால்தான். தலையை வெளியே நீட்டிய செடிக்கு அது இனாமாகக் கிடைக்கிறது. சாப்பாடோ கீழேயிருந்து வருகிறது. மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாவையும், பாக்டீரியா அதை மாற்றித் தரும் நைட்ரேட்டையும் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. தலைக்குக் காற்று, காலுக்குத் தண்ணீர். இரண்டு உலகத்திலும் நல்லதை எடுத்துக்கொள்வதால் இந்தச் செடிகள் வளரும் வேகம் அசரவைக்கும். கீழே தண்ணீரும் தெளிந்து நிற்கும்.

இதைக் காட்சிக் கலையாக உயர்த்தியவர்களில் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) முக்கியமானவர். மூடியில்லாத, சட்டமில்லாத கண்ணாடித் தொட்டி, மேலேயிருந்து தொங்கும் விளக்கு என்ற அவருடைய அமைப்பே, செடிக்குத் தலைநீட்ட இடம் விட்டது. அவர் 1982இல் தொடங்கிய ஏடிஏ நிறுவனம் பிரபலப்படுத்திய 'வாபிகுசா' இன்னும் எளிமை. மண் உருண்டையில் செடிகளைக் காற்றிலேயே வளர்த்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பாதித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. மேசைமேல் ஒரு குட்டைக்கரை.

அழகு கூடும் இடம் அந்த நீர்க்கோடுதான். நீர்மட்டத்துக்குக் கீழேயிருந்து சாய்வாகப் பார்த்தால், நீரின் அடிப்பரப்பு பாதரசம் பூசிய கண்ணாடிபோல் மின்னும். அதில் செடியும் மீனும் தலைகீழாகத் தொங்கும். ஒரு தண்டு அந்தக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு மேலே போய் மறைந்துவிடும். கண்ணை மெல்ல உயர்த்தினால் மறைந்த தண்டு மறுபக்கத்தில் வேறு இலைகளோடு நிற்கும். எங்கள் தொட்டியில் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் பஞ்சாக்ஸ் மீன்கள் இந்தக் கோட்டை ஒட்டியே வாழ்கின்றன. மேலேயுள்ள இலையின் நிழல் விழும் இடம் எதுவோ, அங்கேதான் அவை நிற்கும்.

நம் வயல்வரப்புச் செடிகளே இந்தக் கலைக்கு அருமையானவை. நீர்ப்பிரம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாபகசக்திக்கு என்று சித்த வைத்தியத்தில் பேர்பெற்ற மூலிகை. மீன் தொட்டிக்காரர்களுக்கு பக்கோபா மோனியேரி. ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்பதால் எங்கள் போர்வெல் தண்ணீருக்கு முகம் சுளிக்கவில்லை. நீருக்குள் நேராக ஏறி, வெளியே வந்ததும் சரிந்து தண்ணீர்மேல் படர்கிறது. குட்டிக் கரண்டி போன்ற சதைப்பற்றுள்ள இலைகளின் கக்கத்தில், நூல்போன்ற காம்பில், ஐந்து இதழாக விரிந்த ஒரு பூ வரும். தூரத்தில் வெள்ளை, கிட்டப் போனால் லேசான ஊதா. சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் அந்தப் பூவை, தண்ணீர் முழுக நிரப்பிய தொட்டியில் நான் பார்த்ததே இல்லை.

இன்னும் பொறுமை உள்ளவர்களுக்கு கிரிப்டோகோரைன். சேம்பு குடும்பத்தைச் சேர்ந்த இதில் பல இனங்கள் இலங்கையின் நிழலான ஓடைகளுக்கே உரியவை. கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டிடி என்ற இனமும் இலங்கைச் செடிதான். நீர் வற்றி இலைகள் வெளியே தெரியும் பருவம்தான் அதற்குப் பூக்காலம். பூ என்று நாம் பார்ப்பது முறுக்கிய ஒரு மடல். உண்மையான பூக்கள் அடியில் ஒரு குட்டி அறைக்குள் ஒளிந்திருக்கும். அறையின் அடியில் பெண் பூக்கள், அவற்றுக்கு மேலே ஆண் பூக்கள். குழாய் வழியாக இறங்கிவரும் சிறு ஈக்களை அந்த அறை கொஞ்ச நேரம் சிறைவைத்து மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். பெயரின் கிரேக்க வேர்ச்சொல்லுக்கும் 'மறைந்திருக்கும் தடி' என்றே பொருள்.

செய்முறையில் பெரிய வித்தை எதுவும் கிடையாது; அவசரப்படாமல் இருந்தால் போதும். நீருக்குள் வளர்ந்த செடியைத் திடீரென்று வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் வாடித் தொங்கிவிடும். நுனி தானாக எழுந்து வரட்டும், இல்லையென்றால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஈரம் நிற்க மேலே கண்ணாடிமூடி வைத்து, முன்பக்கம் ஒரு விரல் இடைவெளி விட்டால் முகப்பில் ஆவி படியாது. அதற்குமேல் விட்டால் பஞ்சாக்ஸ் குதித்துவிடும். கோடைகாலத்தில் நீர் ஆவியாகி, கண்ணாடியில் உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். எலுமிச்சைத் துண்டால் தேய்த்துவிடுவேன். இலையில் அசுவினி வந்தால் மருந்து அடிக்கக் கூடாது. கீழே மீன் இருக்கிறது. தண்டை வளைத்து ஒரு நொடி தண்ணீரில் முக்கினால் அசுவினியை மீனே பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மன்றாடிச் சொல்ல வேண்டும். கத்தரித்த தண்டுகளை வாய்க்காலிலோ ஏரியிலோ போடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நம் ஏரிகளை மூடியதைப் பார்த்தவர்கள் நாம். அதேபோல நம் பக்கத்துச் செடியான ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மா, ஃப்ளோரிடாவின் கால்வாய்களில் களையாகப் பெருகி அவர்களைத் தவிக்கவிட்டிருக்கிறது. தொட்டியில் அழகாக இருப்பது வெளியே போனால் வேறு முகம் காட்டும்.

போன வாரம் விஸ்டீரியா மூடியை முட்டியது. முழு இலையோடு நின்ற நுனியை வெட்டி, மணலில் நட்டு, தண்ணீருக்குள் விட்டேன். இன்று காலை பார்க்கிறேன், பழைய இலைகள் மஞ்சளாகிக் கரையத் தொடங்கியிருக்கின்றன. நுனியில் அரிசி அளவில் ஒரு புது இலை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அதன் விளிம்பு இப்போதே பிளந்திருக்கிறது.