நம்பிக்கை 3.0: ஓர் உதவித்தொகை விதிகளின் மீது ஒரு வாசிப்பு

கவிதையையும் நாவலையும் மட்டுமே பிரதி என்று கொள்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் விட்டபாடில்லை. சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கடன் பத்திரம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாமே எழுத்துகள்தான். ஒரு மனுஷருடைய வாழ்க்கையில் எந்த நாவலும் நுழையாத இடத்தில் இவை நுழைந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆனால் இவற்றின் மொழியை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. குமாஸ்தாவின் மொழி என்று ஒதுக்கிவிடுகிறோம். இங்கே நான் வாசிக்க எடுத்துக்கொள்வது அப்படியொரு குமாஸ்தா எழுத்தை: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில அரசு 1993 முதல் வழங்கிவரும் 'ஹோப்' கல்லூரி உதவித்தொகையின் விதிகள்.

ஜார்ஜியா நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். 1990இல் மண்டல் அறிக்கை நடைமுறைக்கு வருகிறது என்றதும் தெருவுக்கு வந்த சொல் 'தகுதி'. அப்போதிலிருந்து இந்தச் சொல்லுக்கு முட்டுக்கொடுக்க ஆள் தேடும்போதெல்லாம், "அமெரிக்காவைப் பாருங்க, அங்கே தகுதிக்குத்தான் மரியாதை" என்கிற வாக்கியம் தவறாமல் வந்துவிடும். சரி, பார்ப்போம். அந்தத் தகுதி அங்கே எப்படி அளக்கப்படுகிறது, யாருடைய காசில், எதற்காக என்று ஒரே ஒரு மாநிலத்தின் ஒரே ஒரு திட்டத்தை வைத்துப் பார்ப்போம்.

1

முதலில் பெயர். ஹோப் என்றால் நம்பிக்கை. அது ஒரு சுருக்கப் பெயரும்கூட. விரித்தால், சிறந்து விளங்கும் மாணாக்கருக்குக் கல்வியில் உதவுதல் என்று பொருள் வரும். இதன் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உதவி பெறுகிறவர் உதவிக்கு முன்பே சிறந்துவிட்டவராக இருக்கிறார். சிறப்பதற்கு உதவி என்று அங்கே இல்லை. நம்பிக்கை என்பது இனி நடக்கப்போவதைப் பற்றியது. இந்தத் திட்டமோ ஏற்கெனவே நடந்துமுடிந்ததற்குச் சன்மானம் தருகிறது. பெயர் எதிர்காலத்திலும் விதி இறந்தகாலத்திலுமாகப் பேசுகின்றன. இந்தப் பிளவிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது.

உள்ளே நுழைய மேல்நிலைப் பள்ளியில் 3.0 கிரேடு சராசரி, அதாவது 'பி' வேண்டும். பள்ளிக்கூடம் போட்டுக்கொடுக்கிற சராசரி செல்லாது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல், அந்நிய மொழி என்கிற அடிப்படைப் பாடங்களை மட்டும் எடுத்து மாநிலத்தின் மாணவர் நிதி ஆணையம் தானே திரும்பக் கணக்குப் போடும். 2.99ஐ 3 ஆக்குகிற வழக்கம் கிடையாது. பிற்காலத்தில் இத்தனை கடினப் பாடங்களில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பதும் உண்டு. இவற்றோடு கூடவே ராணுவப் பதிவுச் சட்டத்துக்கும் போதைப்பொருள் தடைச் சட்டத்துக்கும் உட்பட்டு நடப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இடம்பெற்று வந்திருக்கின்றன. இயற்கணிதத்தில் 'பி' வாங்குவதும் போர் வந்தால் கூப்பிடப் பெயர் கொடுத்திருப்பதும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தளவில் நிற்கின்றன. தகுதி என்பது அறிவை மட்டும் குறிக்கிற சொல்லாக எப்போதுமே இருந்ததில்லை. நல்ல பிள்ளையாக இருப்பதும் அதற்குள் சேர்த்தி.

2

இதற்குப் பணம் எங்கேயிருந்து வருகிறது? லாட்டரியிலிருந்து. ஆளுநர் ஸெல் மில்லர் லாட்டரியை முன்வைத்துத்தான் 1990இல் தேர்தலில் ஜெயித்தார். 1992 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மாநில அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 1993இல் சீட்டு விற்பனை தொடங்கியது. அந்த வருஷமே உதவித்தொகையும் தொடங்கியது.

பரிசுச் சீட்டுக்கு ஒரு நல்ல காரணத்தைக் கட்டித் தொங்கவிடுகிற தந்திரம் நமக்குப் புதிதல்ல. அண்ணா 1968இல் தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றுதான் சொன்னது. 2003இல் தடை வரும்வரை பேருந்து நிலையங்களில் அந்தச் சீட்டுகளை வாங்கிக் கிழித்துப் போட்டவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். ஜார்ஜியாவிலும் அதே ஆட்கள்தான். ரூபன்ஸ்டைனும் ஸ்காஃபிடியும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே எடுத்து வைத்தது: சீட்டு அதிகம் வாங்குவது குறைந்த வருமானக் குடும்பங்களும் வெள்ளையரல்லாதாரும், பலன் அதிகம் போய்ச் சேருவது வருமானம் கூடிய வெள்ளைக் குடும்பங்களுக்கு. அதாவது ஏழையின் அதிர்ஷ்ட ஆசை வசதியானவர் பிள்ளையின் தகுதியாக உருமாறுகிறது. இங்கே அதிர்ஷ்டமும் தகுதியும் எதிரெதிர்ச் சொற்கள் அல்ல, ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும்.

தொடக்கத்தில் ஒரு வருமான வரம்பு இருந்தது. 1993இல் குடும்ப வருமானம் 66,000 டாலருக்குள் இருக்க வேண்டும். 1994இல் அது 1,00,000 ஆனது. 1995இல் வரம்பே எடுக்கப்பட்டது. இரண்டே வருஷத்தில் தேவை என்கிற அளவுகோல் காணாமல் போய், தகுதி மட்டும் மிஞ்சியது.

இனி நான் முக்கியமாகக் கருதும் ஒரு விவரத்துக்கு வருகிறேன். சூசன் டைனார்ஸ்கி 2000இல் எழுதிய கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. அன்றைய விதிப்படி விண்ணப்பம் இரண்டு வகை. குடும்ப வருமானம் 50,000 டாலருக்கு மேல் என்றால் ஒரே ஒரு பக்கம். வருமானம் அதற்கு மேல்தான் என்று உறுதி சொன்னால் போதும், வேறு பணவிவரம் வேண்டாம். அதற்குக் கீழே என்றால் மத்திய அரசின் நான்கு பக்க விண்ணப்பம். வரவு, சொத்து, வரி என்று வீட்டையே கொட்டிக் காட்ட வேண்டும். ஏன்? ஏழை மாணாக்கருக்கு மத்திய அரசு தரும் 'பெல்' நிதி எவ்வளவோ அவ்வளவும் ஹோப் தொகையிலிருந்து கழிக்கப்படும். முழு பெல் நிதி பெறுகிற பிள்ளைக்கு ஹோப்பிலிருந்து கிடைப்பது புத்தகத்துக்கான 400 டாலர் மட்டுமே. அதே 3.0 வாங்கிய வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முழுக் கட்டணமும் கிடைக்கும். இந்தக் கழிவு 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் நீக்கப்பட்டது.

இந்த இரண்டு விண்ணப்பங்களையும் அருகருகே வைத்து வாசித்தால், பூர்தியூவும் பாஸரோனும் பள்ளிக்கூடம் பற்றி எழுதியதன் சாரம் கையிலேயே கிடைத்துவிடுகிறது. பணக்காரர் சொல்லாமலே நம்பப்படுகிறார். ஏழை எல்லாவற்றையும் சொல்லி, அதன் பிறகு கழிக்கப்படுகிறார். மதிப்பெண் ஒன்றுதான். அதைக் காசாக்குகிற விகிதம்தான் ஆளுக்கு ஆள் வேறு.

இதே கட்டுரையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. இந்தத் திட்டத்தால் ஜார்ஜியாவின் இளைஞர்கள் கல்லூரிக்குப் போகும் விகிதம் 7 முதல் 8 சதவீதப் புள்ளிகள்வரை கூடியது என்கிறார் டைனார்ஸ்கி. கூடவே, கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையிலும், வருமானம் குறைந்தவருக்கும் கூடியவருக்கும் இடையிலும் இருந்த இடைவெளி விரிந்தது என்கிறார். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுகிறவர்கள் அரசியல்வாதிகள்.

3

வாங்குவது ஒரு பாடு என்றால், வைத்துக்கொள்வது இன்னொரு பாடு. கல்லூரியில் 30, 60, 90 மணி என்று மூன்று சோதனைச் சாவடிகள். வருஷா வருஷம் வசந்தப் பருவத்தின் முடிவிலும் பார்ப்பார்கள். அங்கெல்லாம் 3.0 நிற்க வேண்டும். சறுக்கினால் தொகை நின்றுவிடும். அடுத்த சாவடியில் ஏறிவந்தால் ஒருமுறை திரும்பக் கிடைக்கும். இரண்டாம் முறை இழந்தால் இழந்ததுதான்.

இங்கே எண்ணப்படுவது 'முயன்ற மணிகள்'. தேறிய பாடமும் சரி, தோற்ற பாடமும் சரி, நடுவில் கைவிட்ட பாடமும் சரி, எல்லாம் முயற்சிக் கணக்கில் ஏறும். மொத்தம் 127 மணி என்பது உச்சவரம்பு. முயற்சி என்கிற சொல்லை இவ்வளவு குரூரமாக வேறெங்கும் நான் வாசித்ததில்லை. நம் மரபில் முயற்சி திருவினையாக்கும். இங்கே முயற்சி கையிருப்பைக் கரைக்கிறது.

தேர்வு என்பது கண்காணிப்பையும் தரப்படுத்தும் தீர்ப்பையும் ஒன்றாகப் பிணைக்கிற சடங்கு என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். தனிமனிதரை ஆவணமாக்கி, ஆவணத்தின் வழியாகவே அவரை ஆள்வது. ஹோப் விதிகளில் இது அப்படியே இருக்கிறது. ஆனால் ஃபூக்கோவின் மாணவர் கொஞ்சம் அடங்கின பிள்ளை. ஜார்ஜியாவின் மாணவர் அப்படியில்லை, அவர் விதியைத் திரும்ப வாசிக்கிறார். கார்ன்வெல், லீ, மஸ்டர்ட் மூவரும் ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டதைப் பாருங்கள். ஹோப் வந்த பிறகு முதலாண்டு உள்ளூர் மாணாக்கர் முழுச் சுமைப் பாடங்கள் எடுப்பது குறைந்தது, நடுவில் பாடத்தைக் கைவிடுவது கூடியது, கோடைக்காலத்துக்குப் பாடங்களைத் தள்ளிவைப்பது கூடியது. கெட்டிக்காரத்தனம்தான். சிறப்பைத் தூண்டுவதற்காக எழுதப்பட்ட விதி, சிரமத்தைத் தவிர்க்கிற கலையைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

மாநிலமே இதைப் பின்னால் ஒப்புக்கொண்டது. 2016இல் ஒரு சட்டம் வந்தது. 2017 முதல், பட்டியலிட்ட சில அறிவியல், கணிதப் பாடங்களில் 'பி', 'சி', 'டி' வாங்கினால் உதவித்தொகைக் கணக்கில் 0.5 கூட்டிக்கொள்ளலாம். கடினமான பாடத்தைக் கண்டு பிள்ளைகள் ஓடக் கூடாதாம். ஓட வைத்தது யார் என்பதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை.

4

தகுதி என்பது ஆளுக்குள்ளே இருக்கிற குணம் என்று நம்புகிறவர்கள் 2011ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும். கல்விக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, லாட்டரி வருமானம் ஈடுகொடுக்கவில்லை. ஆளுநர் நேதன் டீல் காலத்தில் விதி மாற்றப்பட்டது. 3.0 வாங்கியவருக்கு இனிமேல் முழுக் கட்டணம் கிடையாது, ஒரு பகுதிதான். புத்தகப் பணமும் கட்டாயக் கட்டணங்களுக்கான பணமும் போயின. மேலே ஒரு புதுத் தட்டு முளைத்தது, ஸெல் மில்லர் உதவித்தொகை. அதற்கு 3.7 சராசரியும் சாட் தேர்வில் 1200 மதிப்பெண்ணும் வேண்டும். வைத்துக்கொள்ள 3.3. அவர்களுக்கு முழுக் கட்டணம் தொடர்ந்தது. நேற்றுவரை 'சிறந்து விளங்கியவர்' ஒரே கையெழுத்தில் சுமாரானவர் ஆகிவிட்டார். அவர் மூளையில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் கஜானாவில்தான்.

இதைவிடத் தெளிவான சாட்சி தொழில்நுட்பக் கல்லூரிகளில் இருக்கிறது. வெல்டிங், நர்சிங், மோட்டார் மெக்கானிக் மாதிரியான படிப்புகளுக்கு ஹோப் மானியம் என்று ஒன்று உண்டு. அதற்கு முன்பு இந்தச் சராசரி நிபந்தனை கிடையாது. 2011இல் அங்கேயும் 3.0 என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் மானியத்தை இழந்தார்கள், சேர்க்கை சரிந்தது. 2013இல் சட்டமன்றம் அதை 2.0 என்று இறக்கியது. இரண்டே வருஷத்தில் இழந்து, மீண்டும் வாய்ப்புக் கிடைத்த ஒரு வெல்டர் மாணவரை எண்ணிப் பாருங்கள். 2012இல் அவர் தகுதியற்றவர், 2013இல் தகுதியுடையவர். அவர் கை ஒட்டிய இரும்பு இரண்டு வருஷமும் ஒரே மாதிரிதான் ஒட்டியிருக்கும். பிறகு 2023இல் நிதி நிலைமை தேறியதும், 3.0 காரருக்கும் முழுக் கட்டணம் திரும்பக் கொடுக்கப்பட்டது.

ஆக, தகுதி இங்கே மதகு. தண்ணீர் குறைந்தால் இறக்குவார்கள், கூடினால் ஏற்றுவார்கள். மதகு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அரசுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும்தான். என் மறுப்பு வேறு. மதகை இறக்கும்போது 'தண்ணீர் இல்லை' என்று சொல்வது நிர்வாகம். 'உன் வயலுக்குத் தகுதியில்லை' என்று சொல்வது கருத்தியல். முதலாவதைக் கேட்கிறவர் நிதிநிலையோடு சண்டை போடலாம். இரண்டாவதைக் கேட்கிறவர் தன்னோடேயே சண்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார். மைக்கேல் யங் 1958இல் தகுதியாட்சி பற்றிய நூலை எழுதியது எச்சரிக்கை நையாண்டியாக. அதை லட்சியமாக எடுத்துக்கொண்டார்கள் என்று கடைசி வரை அவர் குறைபட்டுக்கொண்டார். அவருடைய பயமும் இதுவே: தோற்றவருக்குத் தன் தோல்வி நியாயம்தான் என்று தோன்றிவிடும்.

5

இவ்வளவு சொல்லிவிட்டு நானொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், என் வாசிப்பும் ஒரு பக்க விண்ணப்பம் ஆகிவிடும்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது எனக்கும் ஓர் உதவித்தொகை இருந்தது. பருவத்துக்குப் பருவம் 60 சதவீதம் நிற்க வேண்டும். விருப்பப் பாடத்தில் கல்வெட்டியலும் இதழியலும் இருந்தன. எனக்குக் கல்வெட்டியல்தான் ஆசை. "அதுல மார்க் வராதுடா, மாட்டிக்குவ" என்றார் எனக்கு முந்தின வருஷம் படித்த அண்ணன் ஒருத்தர். இதழியல் எடுத்தேன். தொகை நின்றது, அதாவது நிலைத்தது. அந்தப் பணம் இல்லாமல் நான் படிப்பை முடித்திருக்க மாட்டேன், இன்றைக்கு இதை எழுதிக்கொண்டும் இருக்க மாட்டேன். அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் இன்றும் ஏதாவது ஒரு கோயில் சுவரில் வட்டெழுத்து முன்னால் நிற்கும்போது எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கூட வந்தவர்கள், "நீங்க தமிழ் எம்.ஏ. தானே, என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க" என்பார்கள். நான் விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

கார்ன்வெல் குழுவின் அட்டவணையில், பாடத்தைக் கைவிட்டவர் என்கிற பத்தியில் இருக்கிற முதலாண்டு மாணவரை எனக்கு அடையாளம் தெரிகிறது. அவர் சோம்பேறியில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட பிரதியைச் சரியாக வாசித்தவர்.

தகுதி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை யார் உச்சரித்தாலும் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். இதற்குக் காசு கொடுத்தது யார்? வீட்டைக் கொட்டிக் காட்டச் சொன்னது யாரிடம்? இதைக் காப்பாற்றிக்கொள்ள எந்தப் பாடத்தை நீ கைவிட்டாய்? முதல் இரண்டுக்கும் ஜார்ஜியாவின் ஆவணங்களில் பதில் இருக்கிறது. மூன்றாவதற்கு ஆவணம் கிடையாது. அவரவர்தான் சொல்ல வேண்டும். நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன்.