ஜன்னல் விளக்கும் பிறப்புரிமையும்

1990 டிசம்பரில் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன் தனது மாளிகையின் மாடி ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றிவைத்தார். கடல் கடந்து போனவர்களுக்காகவும் அவர்களது வழிவந்தவர்களுக்காகவும். 1995 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால் பேசியபோது, ஐரிஷ் வம்சாவளி கோருவோர் உலகம் முழுக்க 7 கோடிப் பேர் என்றார். தீவிலோ அப்போது அரைக் கோடிக்குச் சற்று மேல்தான் ஜனத்தொகை. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்து, அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறிய தேசம் அது. 1841-இல் இருந்த 80 லட்சத்துச் சொச்சத்தை இன்றுவரை எட்டவில்லை. எனவே அந்த விளக்கைப் பார்த்துக் கண்கலங்கியவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் விளக்கு ஒரு குறி. அது எதைக் குறிக்கிறது என்பதோடு, யாருடைய கண்ணுக்குப் படும்படி வைக்கப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும்.

அயர்லாந்தின் அரசியல் சாசனத்தையே ஒரு பிரதியாக எடுத்து வாசிப்போம். 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்தையொட்டி அதன் 2ஆம் ஷரத்து திருத்தி எழுதப்பட்டது. புதிய ஷரத்தில் அடுத்தடுத்து இரண்டு கூற்றுகள். தீவில் பிறக்கிற எவருக்கும் ஐரிஷ் தேசத்தின் அங்கமாக இருக்க உரிமை உண்டு என்பது ஒன்று. அயல்நாட்டில் வாழ்ந்தபடி அதன் பண்பாட்டு அடையாளத்தையும் மரபையும் பகிர்ந்துகொள்ளும் ஐரிஷ் வம்சாவளியினரோடு தேசம் தனி உறவு பாராட்டுகிறது என்பது மற்றொன்று. மண்ணும் ரத்தமும் அருகருகே. படிக்க அழகாகத்தான் இருக்கு.

2004 ஜூனில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது ஐரிஷ் குடிமகனாகவோ அந்த உரிமை உள்ளவராகவோ இல்லையென்றால், தீவில் பிறந்தாலும் குழந்தைக்குக் குடியுரிமை தானாக வராது என்று 9ஆம் ஷரத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆதரித்து வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 79 பேர். 2ஆம் ஷரத்தை யாரும் அழிக்கவில்லை. பிரதிக்குள் அது அப்படியே இருக்கிறது, இன்னொரு பக்கத்தில் அதன் முதல் கூற்று மட்டும் முடக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது கூற்றுக்கு ஒரு கீறலும் விழவில்லை. நடைமுறையில் என்னவாகிறது? பாட்டி கார்க்கில் பிறந்தவர் என்று நிரூபித்தால், தீவையே பார்த்திராத பாஸ்டன்காரர் அயல்நாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக் குடிமகனாகிவிடலாம். நைஜீரியப் பெற்றோருக்கு டப்ளினில் பிறந்த குழந்தையோ, அவர்கள் அங்கே எத்தனை வருஷம் சட்டப்படி தங்கியிருந்தார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். ‘மரபு’ என்ற சொல் செய்கிற வேலை இதுதான். தூரத்திலிருப்பவரைப் பக்கத்தில் இழுத்து, பக்கத்திலிருப்பவரைத் தூரமாக்குவது.

இதையெல்லாம் டப்ளின் அரசின் சூழ்ச்சி என்று முடித்துவிட முடியாது. போனவர்களும் மரபைத் தங்களுக்கு வேண்டியபடி கட்டமைத்துக்கொண்டார்கள். 1842-இல் டேனியல் ஓ’கானெல் உட்பட சுமார் 60,000 பேர் கையெழுத்திட்ட வேண்டுகோள் ஒன்று அயர்லாந்திலிருந்து பாஸ்டன் போய்ச் சேர்ந்தது. கறுப்பர்களைச் சகோதரர்களாக நடத்துங்கள், அடிமைமுறை ஒழிப்பாளர்களோடு நில்லுங்கள் என்பது அதன் சாரம். தாய்மண்ணிலிருந்து இதைவிட நேரடியாக ஒரு குரல் வர முடியாது. அமெரிக்க ஐரிஷ் சங்கங்களில் பெரும்பாலானவை அதை ஒதுக்கித் தள்ளின. நியூயார்க் ஆயர் ஜான் ஹியூஸ் வெளிப்படையாகவே எதிர்த்தார். 1863 ஜூலையில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் மூண்ட கலவரத்தில் கறுப்பர்கள் தெருவில் கொல்லப்பட்டார்கள், கறுப்பு அனாதைக் குழந்தைகளின் விடுதி எரிக்கப்பட்டது. கும்பலில் ஐரிஷ் ஏழைகள் கணிசம். நோயல் இக்னாடியேவ் 1995-இல் எழுதிய நூல் இந்த வரலாற்றைத்தான் ஐரிஷ்காரர்கள் ‘வெள்ளையரான’ கதையாக வாசித்தது. ஒடுக்கப்பட்டவன் என்ற நினைவு தானாகவே இன்னொரு ஒடுக்கப்பட்டவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோமே, அதை இங்கே கொஞ்சம் நிறுத்திவைக்கலாம்.

சேர்த்தவர்களும் உண்டு. 1969-இல் நிதி திரட்ட அமெரிக்கா போன பெர்னடெட் டெவ்லினுக்கு வயது 22. டெர்ரியில் தடியடி பட்ட கத்தோலிக்கர்களுக்காக உருகிய ஐரிஷ் அமெரிக்கர்கள் பலர் தங்கள் ஊரின் கறுப்பர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அவர் அங்கே கண்டார். நியூயார்க் மேயர் மரியாதையாகக் கொடுத்த நகரச் சாவி, 1970-இல் அவருடைய தோழர் ஒருவர் வழியாக கருஞ்சிறுத்தைகள் கைக்குப் போனது. மரபோடு தொடர்பு வைத்திருப்பது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விமர்சனம் அதுதான். ஒரு வரி எழுதாமல் செய்யப்பட்டது.

புனித பாட்ரிக் ஊர்வலக் கதை பலருக்குத் தெரிந்ததே. 1991-இல் நியூயார்க்கில் ஐரிஷ் லெஸ்பியன், கே அமைப்பினரோடு நடந்த கறுப்பின மேயர் டிங்கின்ஸ் மீது பீர் வீசினார்கள். 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், யாரைச் சேர்ப்பது என்பது பாஸ்டன் ஊர்வலக்காரர்களின் பேச்சுரிமை என்று சொல்லிவிட்டது. அதற்குள் அயர்லாந்தில் தன்பால் உறவு குற்றமல்ல என்றாகியிருந்தது. 2015-இல் தன்பாலினத் திருமணத்தை மக்களே வாக்களித்து ஏற்றார்கள். பாஸ்டன் ஊர்வலத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்ததும் அதே வருஷம்தான். ஊர் மாறிக்கொண்டிருந்தது, ஊர்ப்பாசம் உறைந்து கிடந்தது.

2011-இல் அரசு, குடியுரிமை இல்லாத வம்சாவளியினருக்கு ‘மரபுச் சான்றிதழ்’ விற்க ஆரம்பித்தது. சட்டமிட்டு மாட்டிக்கொள்ளலாம். எதிர்பார்த்தபடி விற்கவில்லை, 2015-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

2018 மே மாதம் வேறு மாதிரி. கருக்கலைப்புத் தடையை நீக்கும் வாக்கெடுப்புக்காக லண்டனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இளைஞர்கள் டிக்கெட் எடுத்து ஊர் திரும்பினார்கள். எத்தனையோ பெண்கள் கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போன அதே பாதையில், எதிர்த்திசையில். அயல்நாட்டிலிருந்தபடியே வாக்களிக்கும் உரிமை, ராஜதந்திரிகள் போன்ற சிலரைத் தவிர, அவர்களுக்கு இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலிலாவது அதைத் தரலாமா என்று 2019-இல் நடப்பதாக இருந்த வாக்கெடுப்பு தள்ளிப்போடப்பட்டது. தர வேண்டும் என்று அங்கிருந்து வாதிடும் நண்பர்களோடு எனக்குச் சண்டையில்லை. வரிசைதான் பிரச்சினை. டப்ளினில் பிறந்து, டப்ளின் பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் மொழி படிக்கிற அந்த நைஜீரியக் குழந்தைக்கு முதலில் கொடுங்கள்.