விகடகவி பாலிண்ட்ரோம் இல்லையாம்!

பைத்தான் சொல்லிக்கொடுக்கிற எந்த வகுப்பிலும் முதல் வாரத்தில் ஒரு பயிற்சி தவறாமல் வந்துவிடும். ஒரு சொல்லைத் திருப்பிப் போடு, அதே சொல் திரும்ப வந்தால் அது பாலிண்ட்ரோம். சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளியும் ஒரு மைனஸ் ஒன்றும் போட்டால் வேலை முடிந்தது. ஒரே வரி. மாணவர்களுக்கும் சந்தோஷம்.

அந்த வரியில் 'விகடகவி' என்று கொடுத்துப் பாருங்கள். 'ஃபால்ஸ்' என்று வரும். 'தேருவருதே' கொடுங்கள், அதுவும் ஃபால்ஸ்தான். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மாலைமாற்று என்று ஒரு பதிகம் முழுக்க இந்த வித்தையைச் செய்து காட்டிய மொழி இது. அந்தப் பதிகமும் இந்த ஒரு வரி நிரலில் தேறாது.

காரணம் எளிது. பைத்தானுக்கு 'வி' என்பது ஓர் எழுத்து இல்லை. 'வ' ஒன்று, இகரக் கொம்பு ஒன்று, ஆக இரண்டு. சொல்லைத் திருப்பும்போது கொம்பு முன்னால் வந்து, தொங்க இடமில்லாமல் நிற்கிறது. யூனிகோடில் உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது. மெய்யுருவுக்கு ஒரு எண், உயிர்க்குறிக்கு ஒரு எண், புள்ளிக்கு ஒரு எண். இவற்றைத்தான் கோட் பாயிண்ட் என்கிறோம். பைத்தான் 3-இன் 'லென்' எண்ணுவது கோட் பாயிண்ட்டுகளை மட்டுமே. ஆனால் பாடங்களில் என்ன சொல்கிறார்கள்? 'லென் என்றால் எழுத்துகளின் எண்ணிக்கை' என்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் சரி. தமிழுக்கு முழுத் தவறு. தமிழிலேயே பாடம் நடத்துகிறவர்களும் இந்த வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் என் முதல் புகார்.

எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆழ்வார்கள் பாடிய பெயர் அரங்கம், திருவரங்கம். 'திருவரங்கம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பைத்தான் 3 சொல்வது 11. அதையே யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி எண்ணினால் 33. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்ணினால் தி-ரு-வ-ர-ங்-க-ம் என்று 7. யாப்புத் தெரிந்தவர் ஒற்றை நீக்கி எண்ணினால் 5. நான்குமே சரியான விடைகள், கேள்விகள்தான் வேறு. டேட்டாபேஸில் இடம் ஒதுக்க 33 வேண்டும். குறுக்கெழுத்துப் போட்டிக்கு 7 வேண்டும். திருவரங்கத்தமுதனாரின் இராமானுச நூற்றந்தாதியை நிரலால் ஆராய வேண்டுமென்றால் 5 வேண்டும். ஏனென்றால் அது கட்டளைக் கலித்துறை. நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒற்றுகள் அந்தக் கணக்கில் சேராது. லென் தருகிற 11 எதற்கு உதவும் என்று யோசித்தால், நம்மூர்ப் பயன்பாடு ஒன்றுகூடச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

இதெல்லாம் வெறும் மொழி ஆர்வலரின் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். இனிஷியலுக்கு வாருங்கள். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு ஆணையிட்டது. நல்ல விஷயம். இப்போது அப்பா பெயரிலிருந்து முன்னெழுத்தை எடுக்க ஒரு நிரல் எழுதச் சொன்னால், பத்தில் ஒன்பது பேர் பெயர்[0] என்று எழுதுவார்கள். 'கோபாலன்' என்ற பெயரிலிருந்து அது எடுப்பது 'க'. 'முத்துவேல்' என்றால் 'ம'. அதாவது இந்த நிரலிடம் கொடுத்தால் மு.கருணாநிதி ம.கருணாநிதி ஆகிவிடுவார். வ.உ.சி., வ.உ.ச. ஆகிவிடுவார். தலைவர்களுக்கு ஆனால் உடனே கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஆனால்? அவன் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

நீளம் அளந்து வெட்டுவதும் இதே கதை. அட்டையில் இருபது இடம்தான் என்று பெயர்[:20] போடுகிறார்கள். வெட்டு சரியாகப் புள்ளிக்கு முன் விழுந்தால் 'ரங்கராஜன்' என்பது 'ரங்கராஜன' என்று நிற்கும். அச்சுப்பிழை என்று நாம் நினைத்துக்கொள்வோம். அது அச்சுப்பிழை இல்லை, நிரல்பிழை.

அடுத்தது தேடல். இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனி யோகம் இருக்கிறது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஸ, புள்ளி, ர, ஈகாரக்குறி என்பது ஒன்று. எண்களாகச் சொன்னால் 3000, 3021, 2992, 3008. இன்னொன்று ஶ-வில் தொடங்குவது. அதில் முதல் எண் மட்டும் 2998, மற்றவை அதேதான். 2005-இல் யூனிகோட் 4.1 வந்தபோதுதான் ஶ தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது. அதற்கு முன் ஸ-வை வைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. பல ஃபாண்ட்டுகளில் இரண்டுக்கும் ஒரே உருவம். திரையில் ஸ்ரீரங்கம், ஶ்ரீரங்கம் இரண்டும் ஒன்றாகவே தெரியும். லென் கேட்டால் இரண்டும் 10. ஆனால் இரண்டும் சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்கிறது.

'யூனிகோட் நார்மலைசேஷன் செய்தால் போதுமே' என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். போதாது. கொ, கோ, கௌ போன்றவற்றின் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், இரண்டு எண்களாக உடைத்தும் எழுதலாம். என்எஃப்சி அதை ஒன்றாக்கிவிடும். ஆனால் இரண்டு ஸ்ரீக்களும் அதன் பார்வையில் வெவ்வேறு சொற்கள். கௌ என்பதற்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து 'கெள' என்று தட்டச்சு செய்திருந்தால் அதையும் என்எஃப்சி தொடாது. பக்‌ஷி போன்ற சொல்லில் கூட்டெழுத்தைப் பிரிக்க இடையில் ஒளிந்திருக்கும் 8204 என்ற கண்ணுக்குத் தெரியாத குறியையும் நீக்காது. 'ஸ்ட்ரிப்' போட்டாலும் போகாது, அது வெற்றிடம் இல்லையே.

எனக்குத் தெரிந்த ஒரு அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் இதை நேரில் பார்த்தேன். மென்பொருளை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் கொஞ்சம் பேர் வருகிறார்கள், கொஞ்சம் பேர் வரவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு பெரியவரிடம், "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே மாமா" என்றாள். அவர், "இருபது வருஷமா சந்தா கட்டறேன், எப்படிம்மா இல்லாம போகும்?" என்றார். பெயர் இருந்தது. ஸ்ரீதான் வேறு ஸ்ரீ. இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பதுதான் இதில் கொடுமை.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் கதை இன்னும் மோசம். பைத்தானோடு வருகிற 'ஆர்ஈ' மாட்யூலில் சொல்லைப் பிடிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் என்று எழுதுவோம். உயிர்க்குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. ஸ்ரீரங்கம் என்ற ஒரு சொல்லை அது 'ஸ', 'ர', 'ரங', 'கம' என்று நான்கு சொற்களாக்கிவிடும். சங்க இலக்கியத்தில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று ஆர்வத்தோடு எண்ணிப் பார்க்கிற என்னைப் போன்ற அமெச்சூர்களுக்கு இது பெரிய பள்ளம். எண்ணிக்கை வரும், வரைபடமும் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். எண்ணியது சொற்களை இல்லை என்பது மட்டும்தான் பிரச்சினை. பிழைச் செய்தி எதுவும் வராததால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

இதே பைத்தான் இன்னொரு பக்கம் 'தமிழ்' என்று ஒரு வேரியபிளுக்குப் பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்கிறது. அதே சொல் அகரவரிசை எழுத்துகளால் ஆனதா என்று 'இஸ்ஆல்ஃபா' மூலம் கேட்டால் ஃபால்ஸ் என்கிறது. வீட்டுக்குள் வரலாம், ஆனால் நீ விருந்தாளி இல்லை என்கிற மாதிரி. பெயர்க் கட்டத்தில் எண்ணோ குறியோ வரக்கூடாது என்பதற்காக இந்த இஸ்ஆல்ஃபாவைப் போட்டு வைத்திருக்கும் படிவங்களில் தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானவை நுழையாது. புள்ளியும் உயிர்க்குறியும் இல்லாத பெயர் எத்தனை இருக்கும், சொல்லுங்கள்.

வரிசைப்படுத்தல் ஒன்று பாக்கி. மதி, மலை, மனம் என்பது அகராதி வரிசை, னகரம் கடைசி மெய் என்பதால். பைத்தானின் 'சார்ட்டட்' தருவது மதி, மனம், மலை. யூனிகோடின் தமிழ் அடுக்கு 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டகம் அது. அதனால் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும் றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும் போய் உட்கார்ந்துவிட்டன. புள்ளிக்கு எண் பெரிது என்பதால் பகல் முன்னால் வந்து பக்கம் பின்னால் போகிறது. அகராதியில் பக்கம்தான் முதலில்.

இவ்வளவும் சொன்னால் ஒரு தரப்பு உடனே யூனிகோடையே குறை சொல்லும். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 குறியீட்டை 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. அதில் விகடகவி தேறும், மு.க. பிழைப்பார், அகரவரிசையும் சரியாக வரும். அந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கிறது. வெளியுலகத்தின் ஃபோனும் பிரவுசரும் தேடுபொறியும் அதைப் பேசுவதில்லை. அதோடு கட்டளைக் கலித்துறைக்கு ஒற்றை விட்டு எண்ண வேண்டும் என்பதை எந்தக் குறியீடும் தானாகச் சொல்லாது.

இன்னொரு தரப்பு, நிரல்மொழியே தமிழில் இருக்க வேண்டும் என்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் அந்த வகையில் முக்கியமான முயற்சி. 'பதிப்பி', 'நிரல்பாகம்', 'முடி' என்று தமிழிலேயே நிரல் எழுதலாம். சிறுவர்களின் பயத்தைப் போக்க நல்ல வழி. ஆனால் என் பார்வையில் கட்டளைச் சொற்கள் நம் பெரிய தடை இல்லை. இருபது முப்பது ஆங்கிலச் சொல்லை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் தமிழை நிரல் எப்படி நடத்துகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. அந்த வகையில் அவரும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் நூலகத்தைத்தான் நான் பெரிய சாதனையாகச் சொல்வேன். சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க, எழுத்தளவில் திருப்ப, அகரவரிசையில் ஒப்பிட அதில் தனித்தனி வழிகள் இருக்கின்றன. பைத்தான் பாடங்களின் முதல் வாரத்தில் இருக்க வேண்டியது அது. பெரும்பாலும் கடைசி வாரத்தில்கூட இல்லை.

ஆனால் நூலகம் இருக்கிறதே என்று யோசிப்பதை நிறுத்திவிடவும் கூடாது. 'ரெஜெக்ஸ்' என்ற தனி மாட்யூலில் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் போட்டால் எழுத்துக்கொத்தாகப் பிரிக்கும். நல்ல கருவி. ஸ்ரீரங்கத்தை அது ஸ், ரீ, ர, ங், க, ம் என்று ஆறாகப் பிரிக்கும். நம் கண்ணுக்கு ஐந்து. ஸ்ரீனிவாசனின் முன்னெழுத்து அதன்படி 'ஸ்' ஆகிவிடும். அப்படி யாராவது கையெழுத்துப் போடுகிறார்களா? க்ஷ ஓர் எழுத்தா இரண்டா, ஸ்ரீ ஓர் எழுத்தா இரண்டா என்பதை எந்த நூலகமும் நமக்காக முடிவு செய்ய முடியாது. வேலையைப் பொறுத்து நாம்தான் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் நான் பின்பற்றுவது இதுதான். தமிழ்ச் சரம் எதுவானாலும் உள்ளே வரும் வாசலிலேயே ஒரு முறை சுத்தம் செய்துவிடுவேன். என்எஃப்சி, 8204 நீக்கம், இரண்டு ஸ்ரீயில் ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல். இது தேடலுக்கான பிரதி மட்டுமே. பயனர் எழுதித் தந்த மூலத்தை அப்படியே தனியாக வைத்துக்கொள்வேன், அது அவருடைய பெயர். அடுத்து, லென், சதுர அடைப்பு, சார்ட்டட் மூன்றையும் தமிழ்ச் சொல்மேல் நேரடியாகப் போடுவதில்லை. எழுத்தெண்ணிக்கை, ஒற்றில்லா எண்ணிக்கை, முன்னெழுத்து என்று தனித்தனிச் சிறு ஃபங்ஷன்கள். பெயரைப் பார்த்தாலே எதை எண்ணுகிறது என்று தெரிய வேண்டும். வரிசைக்கு ஓப்பன்-தமிழின் ஒப்பீடு, அல்லது பைஐசியூ.

கடைசியாக டெஸ்ட். யாருடைய நிரலையும் நான் ஏற்றுக்கொள்ளும் முன் ஆறு சொற்களைக் கொடுத்துப் பார்க்கிறேன். விகடகவி, கோபாலன், சௌந்தரம், பக்‌ஷி, ஸ்ரீரங்கம், ஶ்ரீரங்கம். இந்த ஆறும் சரியாக நடந்தால் அந்த நிரலை எழுதியவருக்குத் தமிழ் தெரியும். நடக்கவில்லை என்றால், அவர் தமிழராகவே இருந்தாலும் நிரலுக்கு இன்னும் தமிழ் தெரியாது. உங்களிடம் இருக்கும் பட்டியலில் இன்றைக்கே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். காணாமல் போன யாராவது ஒருவர் நிச்சயம் அகப்படுவார்.