ஒரே பெயரில் நான்கு போட்டி: ஸ்கிட் மென்பொருள் எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பிள்ளைகளின் ஸ்கோர் ஷீட்டைக் கணினியில் ஏற்றிவைக்கும் செஸ் கோச்சுகளுக்கு நான் தயங்காமல் சொல்லும் மென்பொருள் ஸ்கிட். ஷேன் ஹட்சன் எழுதத் தொடங்கியது, இலவசம். லட்சக்கணக்கான ஆட்டங்களைப் பழைய லேப்டாப்பிலும் சளைக்காமல் தேடித் தரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கிராஸ்டேபிள். ஏதாவது ஓர் ஆட்டத்தைத் திறந்துகொண்டு அதைக் கேட்டால், அந்தப் போட்டியின் முழு அட்டவணையும் வந்துவிடும். கட்டத்தில் உள்ள முடிவைத் தட்டினால் அந்த ஆட்டமே பலகைக்கு வரும். ஸ்விஸ், நாக்அவுட் என்று வகையும் மாற்றலாம்.

எந்தெந்த ஆட்டம் ஒரே போட்டியைச் சேர்ந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? போட்டியின் பெயரும் இடமும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். தேதி, திறந்திருக்கும் ஆட்டத்துக்கு முன்போ பின்போ 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விக் ஆன் ஸீ மாதிரிப் போட்டிகளுக்கு இது கச்சிதமான விதி.

நம்மூர் மாதாந்திரப் போட்டிகளுக்குத்தான் உதைக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடந்த 4 ஒருநாள் போட்டிகளை 'சண்டே ரேபிட்', 'கோயம்புத்தூர்' என்ற ஒரே தலைப்பில் ஏற்றிப் பார்த்தேன். பிப்ரவரி ஆட்டம் ஒன்றைத் திறந்து அட்டவணை கேட்டால், நான்கும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. 5 ரவுண்ட் போட்டியில் ஒரு சிறுவனுக்கு 14 புள்ளி!

நீண்ட லீக் என்றால் சிக்கல் தலைகீழ். ஜெர்மனியின் பன்டெஸ்லிகா இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை நீளும். தொடக்க ரவுண்டில் நின்று கேட்டால் கடைசி ரவுண்டுகள் விடுபடும்; கடைசியில் நின்று கேட்டால் தொடக்கம் காணாமல் போகும். ஒரே போட்டிக்கு இரண்டு அட்டவணை வருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இந்த 3 மாதத்தைக் கூட்டவோ குறைக்கவோ கிராஸ்டேபிள் ஜன்னலிலேயே வழி வைத்திருக்க வேண்டும்.

மாதாந்திரப் போட்டிகள் கலந்துபோவதற்கான தீர்வு 'ஈவென்ட்டேட்' என்ற புலத்தில் இருக்கிறது. ஆட்டங்களைச் சேமித்துவைக்கும் பிஜிஎன் கோப்பின் கட்டாயத் தலைப்புகள் 7. அவற்றில் உள்ள 'டேட்' அந்த ஆட்டம் நடந்த நாளை மட்டுமே சொல்லும். போட்டி தொடங்கிய நாளைச் சொல்லும் ஈவென்ட்டேட் அந்த ஏழில் இல்லாததால் பலரும் அதை நிரப்புவதில்லை. நிரப்பிவிட்டால் வேறு ஈவென்ட்டேட் உள்ள ஆட்டங்களை ஸ்கிட் சேர்ப்பதில்லை. ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதும் இல்லை. தலைப்புத் தேடலில் பிப்ரவரி 1 முதல் 29 வரை என்று கொடுத்து வடிகட்டி, பெயர் திருத்தும் ஜன்னலில் வடிகட்டிய ஆட்டங்களுக்கு மட்டும் ஈவென்ட்டேட்டை மாற்றினேன். அதே சிறுவனுக்கு இப்போது 4 புள்ளி.

பழைய ஆட்டங்களில் இது இன்னும் முக்கியம். கோவையில் நடந்த சக்தி பைனான்ஸ் போட்டியில் வென்றுதான் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தப் போட்டியை 1987 என்று குறிப்பவர்களும் உண்டு, 1988 என்பவர்களும் உண்டு. அப்படி இரண்டு கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரே போட்டி இரண்டாக உடையும். நாளும் மாதமும் தெரியாமல் '1987.??.??' என்று கிடக்கும் ஆட்டங்கள் வேறு. இவற்றை முதலில் ஒரே பெயர், ஒரே இடம், ஒரே ஈவென்ட்டேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் அட்டவணையைக் கேளுங்கள்.