ஆற்றுப்படையின் வழிகாட்டி: மலைபடுகடாமும் காடுகாண் காதையும்

பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்பட்ட வறிய கலைஞனை வள்ளலிடம் செலுத்துவது ஆற்றுப்படை. தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்த இவ்விலக்கணத்தையே இலக்கிய வரலாற்று நூல்களும் நம் வகுப்பறைகளும் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. இதன் நோக்கு பெற்ற வளத்தின்மீதும் கொடுத்தவன்மீதும் நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியோ, பாட்டில் எத்துணை இடம்பெற்றாலும், 'இயற்கை வருணனை' என்னும் பெயரோடு ஒதுங்கிவிடுகிறது. மலைபடுகடாத்தை இவ்வாறு அணுகுவது அப்பாட்டின் பெரும்பகுதியைப் படியாமல் விடுவதேயாகும்.

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னன்மீது பாடிய இப்பாட்டு 583 அடிகளை உடையது. கூத்தர் நன்னனுடைய மூதூரை நெருங்குவது இறுதி நூறு அடிகளையொட்டியே. அதுவரை அவர்கள் மலையிலும் காட்டிலும் நடக்கின்றனர். வழியறிந்தவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காக வைத்த கல்லடார்கள் வழியில் உள்ளன; ஆகவே இருளில் நடவாது விடிந்தபின் செல்க. பாம்பு ஒடுங்கிய குழிகள் உண்டு. பார்த்துச் சற்று விலகிச் செல்க. பரண்மீதிருந்து யானையை விரட்டுவோர் எறியும் கவண்கல் கூற்றம்போல் வரும். மரங்களின் மறைவில் கடந்து செல்க. வழுக்கும் நீர்த்துறையில் பருங்கொடியைப் பற்றிக்கொண்டு, சிறுபிள்ளைகளோடு ஒருவரையொருவர் காத்துச் செல்க. இடர், இடம், செய்ய வேண்டுவது என்னும் மூன்றும் ஒவ்வோர் அறிவுரையிலும் கூடியிருப்பதைக் காணலாம். பிள்ளைகளும் உடன் வருகின்றனர் என்பதை வழிகாட்டி மறக்கவில்லை.

இவையும் மறைமுகப் புகழ்ச்சியே என்று ஒருவர் வாதிடக்கூடும். பன்றி வருவது தினை விளைவதனால். கவண் எறிவது காவல் உண்மையினால். ஆகவே எல்லாம் நன்னன் நாட்டு வளமே என்பது அவ்வாதம். இதனை முற்றிலும் மறுப்பதற்கில்லை. ஆயின் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை அருகில் வைத்து நோக்கினால் வேறுபாடு விளங்கும். தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் வழிப்பறி செய்வோர் இல்லை, இடி இடியாது, பாம்பு கொல்லாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது என்று அப்பாணன் உறுதி கூறுகிறான். அரசனின் ஆணைக்குப் பாம்பும் அடங்கிவிடுகிறது. மலைபடுகடாத்திலோ பாம்பு வள்ளலின் மலையிலேயே குழிக்குள் ஒளிந்திருக்கிறது. முன்னவன் வள்ளலின் சார்பில் பேசுகிறான்; பின்னவன் நடப்பவரின் சார்பில் பேசுகிறான். இருவரையும் ஒரே இலக்கணத்துள் அடக்கிப் பாடம் சொல்வது எளிது. ஆயினும் அவ்வெளிமையால் இழப்பது மிகுதி.

வழிகாட்டியுடன் கூடிய மலைப்பயணமும் பாலைவனப் பயணமும் இன்று விற்பனைப் பொருள்களாகிவிட்டன. பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ புறப்படும் நம் மாணவர் அவற்றை விளம்பரங்களின் வாயிலாகவே அறிவர். அவ்விளம்பரங்களின் குரல் பெரும்பாணனின் குரல். உலு கிள்ளானில் அணைக்கட்டுக்கு மேலாக நிற்கும் புக்கிட் தாபோர் குவார்ட்ஸ் முகட்டில் தவறி விழுந்து உயிரிழந்தோர் உண்டு. அங்குத் தேவைப்படுவது மலைபடுகடாத்துக் கூத்தனின் குரல். மலை வழிகாட்டியை மலாய்மொழி 'மாலிம் குனுங்' என்கிறது. கப்பலோட்ட வழிகாட்டுபவனுக்கும் உரிய 'மாலிம்' என்னும் அச்சொல், ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. நம் 'மாலுமி'யும் அவ்வழியினதே என்பர்.

பாலைக்கு வருவோம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தை எடுத்தாளாத திணைக் கட்டுரை அரிது. தமிழ்ப் பாலை மணற்பரப்பு அன்று, வேனிலில் நிலம் கொள்ளும் நிலை என்பதற்கு அதுவே சான்றாகிறது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகள் போன்றோரின் ஆய்வுகளால் நிலமும் கவிதையும் கொண்ட உறவை நாம் நன்கு அறிந்துள்ளோம். ஆயினும் அக்கருத்தைச் சொல்பவன் யார், யாரிடம் சொல்கிறான் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. சொல்பவன் இலக்கண ஆசிரியன் அல்லன். காடுகாண் காதையில் எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோன். மதுரைக்கு வழி கேட்ட கோவலனிடம், மனைவியோடு தகாத பருவத்தில் வந்துவிட்டாய் என்று இரங்குபவன், அப்பருவத்தின் கொடுமையைக் காட்டவே நிலம் திரிந்த செய்தியைச் சொல்கிறான். கோட்பாடாக நாம் மேற்கோள் காட்டுவது உண்மையில் ஓர் எச்சரிக்கை.

மறையோனும் சார்பற்றவன் அல்லன். கொடும்பாளூரில் கிளைக்கும் மூன்று வழிகளுள், திருமால்குன்றத்தை ஒட்டிய இடப்பக்க வழியைச் சொல்லும்போது அவன் குரல் மாறுகிறது. பொய்கைகளின் பயனையும் பிலத்தின் வியப்பையும் விரித்துரைக்கிறான். கவுந்தியடிகள் அப்பயன்கள் தமக்கு வேண்டுவதில்லை என்று மறுத்து இடைவழியைத் தேர்கிறார். மறையோன் தான் விரும்பாத அவ்வழிக்கும் உரிய எச்சரிக்கையை முன்னரே கொடுத்திருக்கிறான்: வழிச்செல்வோரை மயக்கித் தடுக்கும் கானுறை தெய்வம் ஒன்று அங்கு உண்டு. அத்தெய்வம் வயந்தமாலை வடிவில் வந்தபோது கோவலன் ஏமாறவில்லை. பக்திச் சார்பு இருந்தும் வழிச்செய்தியை மறையோன் மறைக்கவில்லை என்பதை இளங்கோவடிகள் நிகழ்ச்சியாலேயே மெய்ப்பிக்கிறார்.

மலைபடுகடாத்தின் வழிகாட்டி மேலும் ஒரு படி செல்கிறான். தான் உடன் வரப்போவதில்லை என்பதை அவன் அறிவான். குறவரே வழிமயங்கும் குன்றம் ஒன்று வரும். அங்குத் திகைத்து அலையாமல், அகன்ற பாறையில் ஒன்றுகூடி இசைக்கருவிகளை ஒலிக்கச் செய்யுங்கள். கேட்டுக் கானவர் ஓடிவந்து வழிகாட்டுவர் என்கிறான். பரிசிலுக்காகச் சுமந்துசெல்லும் முழவும் கொம்பும் அங்கு உயிர்காக்கும் கருவிகளாகின்றன. பின்னர், நடுகற்கள் நிற்கும் கவர்த்த வழிகளில், நிலம் அறியாப் புதியவர்களான அவர்களுக்கே ஒரு கடமையையும் தருகிறான்: சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இடுங்கள், பின்னே வருவோர் அறிவதற்காக. அவர்கள் இன்னும் நன்னனைக் காணவில்லை, பரிசிலும் பெறவில்லை.