சாம்பலும் அப்பமும்: ஓர் எப்பிஸ்கோப்பல் சேகரத்தின் லெந்துப் பணியைப் பற்றிய நூல்

லெந்து காலம் திருச்சபை தன்னைத்தான் சோதித்தறியும் காலம் என்று நாம் கற்றிருக்கிறோம். அவ்வாறே கற்பித்தும் வருகிறோம். ஆனால் தன்னைச் சோதித்தறியும் சபை அந்த நாற்பது நாட்களில் தன் அயலாரோடு எத்தகைய உறவு கொள்ளவேண்டும் என்னும் வினாவுக்கு நம்மிடையே தெளிவான விடை இல்லை. தியானக் கூட்டங்கள் ஆலயத்துக்குள் நடைபெறுகின்றன. காணிக்கைகள் திரட்டப்பட்டு வறியவர்க்கு அனுப்பப்படுகின்றன. உள்ளே தவம், வெளியே தருமம் என்று இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாக இணைக்க முயன்ற ஒரு சேகரத்தின் அனுபவத்தை சாரா மைல்ஸ் என்னும் அம்மையார் 'சிட்டி ஆஃப் காட்' (இறைவனின் நகரம்) என்ற நூலில் எழுதியுள்ளார். 2014இல் வெளிவந்த இந்நூல், சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் வட்டாரத்தில் 2012ஆம் ஆண்டு சாம்பல் புதன்கிழமையன்று (பிப்ரவரி 22) நடந்தவற்றை மையமாகக் கொண்டது. இதனை இறையியல் நோக்கிலும் வழிபாட்டு நோக்கிலும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலின் பின்னணி

சாரா மைல்ஸ் இறைநம்பிக்கையற்ற இல்லத்தில் வளர்ந்தவர், பத்திரிகையாளராகப் பணியாற்றியவர். தம் நாற்பத்தாறாம் வயதில், நிசாவின் தூய கிரகோரியார் பெயர் தாங்கிய எப்பிஸ்கோப்பல் ஆலயத்துக்குள் ஒருநாள் நுழைந்து, ஞானஸ்நானம் பெறாத நிலையிலேயே திருவிருந்தில் பங்குபெற்றார். அந்த ஒரு துண்டு அப்பம் தம் வாழ்வைப் புரட்டிவிட்டதை 2007இல் வெளிவந்த 'டேக் திஸ் பிரெட்' என்னும் முந்திய நூலில் விவரித்துள்ளார். தமக்குக் கிடைத்த அப்பத்தைப் பிறருக்கும் பகிரவேண்டும் என்னும் உந்துதலால், 2000இல் அதே ஆலயத்தில் உணவுப்பொருள் வழங்கும் பணியை அவர் தொடங்கினார்.

அப்பணி நடந்த இடம் கருதத்தக்கது. காய்கறிகளும் தானியங்களும் ஆலயத்தின் பின்புறக் கொட்டகையிலோ சேகர மண்டபத்திலோ அல்ல, திருப்பீடத்தைச் சுற்றியே வைத்து வழங்கப்பட்டன. 1995இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வாலயத்தில் பீடம், சபையார் சூழ்ந்து நிற்கும் திறந்த இடத்தில் அமைந்துள்ளது. இயேசு பாவிகளை ஏற்று அவர்களோடு உண்கிறார் என்று அவருடைய பகைவர் சொன்ன குற்றச்சாட்டு (லூக்கா 15:2) அப்பீடத்தில் கிரேக்க மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. பகைவரின் பழிச்சொல்லைத் தன் விசுவாச அறிக்கையாக ஏற்ற சபை அது. உணவு பெற வந்தவர்களே நாளடைவில் உணவு வழங்கும் பணியாளர்களாக மாறினர் என்பது அப்பணியின் சிறப்பு.

ஆலயத்துக்கு வெளியே சாம்பல் இடும் வழக்கம் எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் 2007இல் செயின்ட் லூயிஸ் நகரில் தோன்றியது. 2010இல் சிகாகோவைச் சார்ந்த சேகரங்கள் சில இரயில் நிலையங்களில் பயணிகளுக்குச் சாம்பல் இட்டன. 2012இல் இது நாடெங்கும் பரவியது. மைல்ஸ் அம்மையாரும் அவருடைய தோழர்களும் அங்கி அணிந்து சென்ற மிஷன் வட்டாரமோ, மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் குடியேறிய ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளிகள் நெடுங்காலமாக வாழும் பகுதி. கணினித் தொழிலின் செல்வம் அங்கு நுழைந்ததால் வாடகை உயர்ந்து, பழைய குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு வந்தன. ஆசிரியையும் பல்லாண்டுகள் அவ்வட்டாரத்தில் வாழ்ந்தவரே.

2. நூலின் பேறு

இந்நூலின் முதன்மையான கருத்தை நாம் தயக்கமின்றி ஏற்கிறோம். திருச்சபை இறைவனைச் சுமந்துகொண்டு நகரத்துக்குள் செல்வதில்லை. நகரத்தில் ஏற்கெனவே இருக்கும் இறைவனைச் சந்திக்கவே செல்கிறது. இக்கருத்து புதிதன்று. எனினும் அருட்பணி என்றவுடன் 'நாம் கொடுப்பவர், அவர்கள் பெறுபவர்' என்று எண்ணிவிடும் நமக்கு அது எப்போதும் நினைவூட்டப்பட வேண்டியதாகும்.

சாம்பல் என்னும் அடையாளம் இக்கருத்துக்கு மிகவும் பொருந்துகிறது. உணவு கொடுக்கும்போது கொடுக்கும் கை மேலும் வாங்கும் கை கீழும் இருக்கும் ஆபத்து உண்டு. சாம்பலில் அவ்வேறுபாடு இல்லை. இடுபவரும் மண், இடப்படுபவரும் மண். ஆயரின் நெற்றியில் உள்ள அதே கரிய குறி, தெருவோரத்தில் படுத்திருப்பவரின் நெற்றியிலும் உள்ளது. செல்வரும் வறியவரும் ஒருவரையொருவர் பெயரளவிலும் அறியாத ஒரு நகரத்தில், இருவரும் ஒரே முடிவை நோக்கிச் செல்கிறவர்கள் என்று சொல்வது சிறிய செயலன்று.

மேலும், ஆசிரியை திருநிலைப்படுத்தப்பட்ட குருவானவர் அல்லர். சபையாரின் ஊழியம் என்று நாம் பல மாநாடுகளில் பேசிய ஒன்றை அவர் தெருவில் செய்துகாட்டுகிறார். நூலின் நடை எளிமையானது; தம் வட்டாரத்தை அன்போடு உற்றுநோக்கும் கண் அவருக்கு இருக்கிறது. தம் சபையைப் புகழ்வதற்காக அவர் எழுதவில்லை.

3. வழிபாட்டு முறையும் தெருவும்

இனி நூலின் பொருளை வழிபாட்டு முறையோடு ஒப்பிட்டு நோக்குவோம். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெப நூலில் சாம்பல் புதனுக்கென இறைவனின் கோபத்தை அறிவிக்கும் கடுமையான ஆராதனை உண்டு. சாம்பல் இடுதல் இல்லை. சீர்திருத்தத் தந்தையர் அதனை நீக்கியிருந்தனர். அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபை தன் 1979ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலில் சாம்பல் இடுதலை மீண்டும் சேர்த்தது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. சாம்பலின்றியும் அவ்வாராதனை முழுமையானதே.

அதன் ஒழுங்கைக் கவனிக்கவேண்டும். முதலில் திருமறைப் பாடங்கள். பின்னர் லெந்து காலத்தின் வரலாற்றை எடுத்துரைக்கும் அழைப்பு: ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்களையும், வெளிப்படையான பாவத்தால் சபையின் ஐக்கியத்தை இழந்து மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவேண்டியவர்களையும் மனத்திற்கொண்டே இக்காலம் தோன்றியது என்று அது கூறுகிறது. பிறகு சாம்பலுக்கான ஜெபம். அந்த ஜெபம் சாம்பலுக்கு இரு பொருள் தருகிறது: நாம் சாவுக்குரியவர்கள் என்பது ஒன்று, மனந்திரும்புதல் மற்றொன்று. அதன்பின் ஐம்பத்தோராம் சங்கீதம், மனந்திரும்புதலின் லித்தானியா, பாவமன்னிப்பின் அறிவிப்பு, சமாதான வாழ்த்து, திருவிருந்து ஆகியவை தொடர்கின்றன.

அந்த லித்தானியா நம் கருத்தை ஈர்க்கும் பகுதி. தனிமனிதரின் அந்தரங்கப் பாவங்களோடு அது நின்றுவிடவில்லை. பிறரைச் சுரண்டியது, மனிதர் படும் துன்பத்தைக் காணாமல் குருடராயிருந்தது, அநீதிக்கும் கொடுமைக்கும் முன்பாக அக்கறையற்றிருந்தது, நம்மினின்று வேறுபட்டவர்களை இகழ்ந்தது, படைப்பைப் பாழாக்கியது ஆகியவற்றைச் சபை ஒரே குரலில் அறிக்கையிடுகிறது. வாடகை உயர்வால் வீடிழந்தவர்கள் வாழும் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜெபம் வேறில்லை.

ஆனால் தெருவுக்குச் சென்றது எது? சாம்பலும் ஒரு வாக்கியமும் மட்டுமே. லித்தானியா ஆலயத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. நின்று செல்லும் ஒருவரோடு நடைபெறும் ஒரு நிமிடச் சந்திப்பில் வேறெதற்கும் இடமில்லை என்பதை அறிவோம். எனினும் இதன் விளைவு என்ன? சாம்பலின் இரு பொருள்களில் சாவு மட்டும் தெருவை அடைகிறது; மனந்திரும்புதல் அடைவதில்லை. நகரத்தின் செல்வத்தில் பங்குபெறும் திருச்சபை அந்த லித்தானியாவைத் தெருவில் நின்று, வீடிழந்தவரின் செவிகேட்க, தன் சொந்தப் பாவமாக அறிக்கையிட்டிருக்குமானால், அதுவே லெந்துக்குரிய சாட்சியாயிருந்திருக்கும். நீ சாவாய் என்று பிறருக்குச் சொல்வது எளிது. நாங்கள் உமக்குத் தீங்கிழைத்தோம் என்று சொல்வதே கடினம்.

4. மலிவான கிருபையா?

இவ்வழக்கத்தை எதிர்ப்போர் பலர், போன்ஹோஃபர் 1937இல் எழுதிய சீடத்துவத்தைப் பற்றிய நூலை எடுத்துக்காட்டி, இது மலிவான கிருபை என்பர். இக்குற்றச்சாட்டு குறி தவறியது என்று கருதுகிறோம். மனந்திரும்புதலின்றி மன்னிப்பை வழங்குவதே மலிவான கிருபை. தெருவிலோ மன்னிப்பே வழங்கப்படுவதில்லை. அறிக்கையும் இல்லை, மன்னிப்பின் அறிவிப்பும் இல்லை, திருப்பந்தியும் இல்லை. ஆகவே கிருபை மலிவாக விற்கப்பட்டது என்பதன்று நம் முறையீடு. கிருபை சொல்லப்படாமலே விடப்பட்டது என்பதே.

அன்றைய சங்கீதப் பாடமாகிய 103:8-14 இதை விளக்குகிறது. மனிதர் மண்ணென்பதை அச்சங்கீதமும் சொல்கிறது; ஆனால் அதனைத் தகப்பனுடைய இரக்கத்தின் காரணமாகவே சொல்கிறது. நாம் மண் என்று இறைவன் நினைவுகூருவதாலேயே நம்மேல் இரங்குகிறார். தெருவில் சொல்லப்படும் வாக்கியம் ஆதியாகமம் 3:19இன் தீர்ப்பு. தீர்ப்பை மட்டும் கேட்டுச் செல்கிறவருக்கு இரக்கத்தை யார் சொல்வது? சாவை நாள்தோறும் அருகிலிருந்து காணும் ஏழைக்கு, தான் சாவுக்குரியவர் என்பது செய்தியன்று. தன்மேல் இரங்குபவர் ஒருவர் உண்டு என்பதே செய்தி.

நற்செய்திப் பாடமோ (மத்தேயு 6:1-6, 16-21) மற்றொரு நெருக்கடியைத் தருகிறது. உபவாசிக்கும்போது முகத்தைக் கழுவச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையை வாசித்தபின் முகத்தில் கறை பூசிக்கொள்வது ஆலயத்துக்குள்ளேயே முரண்பாடு. வீதியில் அது இன்னும் கூர்மையாகிறது. ஆனால் அதே நாளுக்குக் குறிக்கப்பட்டுள்ள பழைய ஏற்பாட்டுப் பாடங்களில் ஏசாயா 58:1-12ம் ஒன்று. பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்ந்து, ஒடுக்கப்பட்டவனை விடுவிப்பதே இறைவனுக்குகந்த உபவாசம் என்பது அதன் போதனை. இவ்விரண்டு பாடங்களையும் சேர்த்து வாசித்தால் வெளிப்படையாகச் செய்யத்தக்கது எது, மறைவாகச் செய்யத்தக்கது எது என்பது விளங்கும்: நம் துக்கத்தை மறைக்கலாம், நம் அப்பத்தை மறைக்கலாகாது.

5. பந்தியும் நகரமும்

இவ்விடத்தில்தான் ஆசிரியையின் இரு நூல்களையும் ஒன்றாக நோக்கவேண்டும். வாரந்தோறும் பீடத்தைச் சுற்றி உணவு வழங்கிவந்தவருக்குத் தெருவில் சாம்பல் இடும் உரிமை உண்டு. சாம்பல் அங்கு தனித்து நிற்கவில்லை; அதன் பின்னே அப்பம் இருந்தது. ஆண்டில் ஒருநாள் மட்டும் இரயில் நிலையத்துக்குச் சென்று திரும்பும் சேகரத்துக்கு அந்த உரிமை இல்லை. ஒரே செயல் ஓரிடத்தில் சாட்சியாகவும் மற்றோரிடத்தில் விளம்பரமாகவும் அமையக்கூடும்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. லெந்து காலம் ஞானஸ்நானத்தை நோக்கிய பயணமாகத் தோன்றியது. தூய கிரகோரியார் சபையோ எவரையும் பந்திக்கு முதலில் அழைக்கிறது. ஞானஸ்நானம் பின்னர் வரலாம். ஞானஸ்நானம் பெறாதவர் திருவிருந்துக்குத் தகுதியுடையவரல்லர் என்பது எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் சட்டம். 2012இல் கூடிய அதன் பொது மாமன்றமும் ஞானஸ்நானமே பந்திக்குரிய இயல்பான வாயில் என்று மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆசிரியையின் சொந்த வாழ்வு அச்சட்டத்துக்கு ஒரு மறுப்பாக நிற்கிறது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பயணத்தின் முடிவிலிருப்பது முதலிலேயே அளிக்கப்பட்டால், பயணம் எதற்கு என்னும் வினா லெந்து முழுவதையும் தொடுகிறது.

நூலின் தலைப்பும் இதையே சுட்டுகிறது. அகுஸ்தீனார் கி.பி. 413 முதல் 426 வரை எழுதிய பெருநூலில் இறைவனின் நகரமும் மண்ணுலக நகரமும் இறுதிவரை கலந்தே இருக்கின்றன. அவற்றை நாம் இப்போது பிரிக்கவும் முடியாது, ஒன்றெனக் கருதவும் முடியாது. மைல்ஸ் அம்மையார் முதற்பகுதியை நன்கு கற்றிருக்கிறார்; இரண்டாம் பகுதியை இன்னும் அழுத்தியிருக்கலாம். நகரத்தில் இறைவன் இருக்கிறார் என்பதால் நகரம் இறைவனின் நகரமாகிவிடாது. குடும்பங்களை வெளியேற்றும் நகரம் மனந்திரும்பவேண்டிய நகரம்.

6. முடிவுரை

1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையாக வாழும் நமக்கும் பொது ஜெப நூலின் மரபில் பங்குண்டு. ஆகவே இந்நூல் நமக்கு அயலானதன்று. எனினும் இதன் புறவடிவத்தைப் பின்பற்றுவதில் பயனில்லை. மிஷன் வட்டாரத்து மக்கள் கத்தோலிக்க மரபில் வளர்ந்ததால் அக்குறியைக் கண்டவுடன் அறிந்துகொண்டனர். நம் தெருக்களில் நெற்றியிலிடும் நீறு வேறொரு சமய மரபின் புனிதச் சின்னம். அங்கு நம் சாம்பல் நாம் கருதும் பொருளைப் பேசாது.

நாம் கற்கவேண்டியது வேறு. நம் பாவ அறிக்கையை யாருக்கு எதிராகப் பாவம் செய்தோமோ அவர்கள் கேட்கும் இடத்தில் சொல்லத் துணிகிறோமா? சாதியின் பெயரால் நம் சபைகளே பந்தியிலும் கல்லறைத் தோட்டத்திலும் பிரித்துவைத்தவர்களின் முன்னிலையில் லெந்துக் கால ஜெபத்தை ஏறெடுப்போமா? இந்நூல் அவ்வினாவை நேரடியாக எழுப்பவில்லை. ஆனால் அதனைப் படித்து முடிக்கும் ஆயர் எவரும் அவ்வினாவிலிருந்து தப்ப முடியாது. இதனாலேயே, குறைகளோடும், இந்நூலை இறையியல் மாணவரும் சேகரத் தலைவரும் லெந்து தொடங்குமுன் வாசிக்கவேண்டுமெனப் பரிந்துரைக்கிறோம்.