ஐந்து மில்லிமீட்டர் அழகு

டி-பார் சீலிங்கில் ஒரு கட்டத்தின் அளவு 600 மில்லிமீட்டர். அதில் வந்து அமரும் எல்.இ.டி. பேனல் 595. இந்த ஐந்து மில்லிமீட்டரில்தான் எனக்குத் தீராத மயக்கம்.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் புடவைக் கடை ஒன்றில் விளக்கு மாட்டுகிறார்கள். வாருங்கள், கொஞ்சம் அண்ணாந்து பார்ப்போம். சட்டத்தின் உதடுகள் உள்நோக்கி நீண்டிருப்பதால் திறப்பு பேனலைவிடச் சிறியது. நேராகத் தூக்கினால் நுழையாது. ஒயர்மேன் அதைச் சாய்க்கிறார். ஒரு விளிம்பு முதலில் மேலேறுகிறது, மற்றது பின்தொடர்கிறது. இருட்டுக்குள் முழுதாய் மறைந்தபின் உள்ளங்கைகளால் மெல்லச் சமன்செய்து இறக்குகிறார். நான்கு ஓரமும் ஒரே கணத்தில் உதட்டில் படிகின்றன. திருகு இல்லை, ஆணி இல்லை. அந்தச் சின்ன இடைவெளிதான் இத்தனை நளினத்துக்கும் இடம் தருகிறது.

பக்கத்துப் பலகையையும் பாருங்கள். தாது நாரில் செய்த பால்வெள்ளைப் பலகை. நகம் பட்டால் விளிம்பு உதிரும், அழுக்கு விரல் பட்டால் தடம் நிற்கும். செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற ஊரில், தலைக்குமேல் இத்தனை மென்மை!

கீழிருந்து தெரியாத அழகு இன்னும் பெரிது. சட்டத்தைத் தாங்கும் கம்பிகள் சட்டத்துக்கும் பலகைக்கும் மட்டுமே. விளக்குக்குத் தனிக் கம்பி, நேரே கான்கிரீட் தளத்திலிருந்து.

"மூணு சுத்து சுத்து தம்பி. சீலிங்கை நம்பி லைட்ட விடாத."

"சரிண்ணே."

இறுக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று சுற்று. சட்டம் என்றாவது தளர்ந்தாலும் விளக்கு யார் தலையிலும் விழாது. மின்கம்பியிலும் கொஞ்சம் உபரி விட்டு, புடவைக் கொசுவம்போல் மடித்துக் கட்டுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பழுதுபார்க்க வருகிறவர், ஏணியில் நின்று பேனலைக் கீழே சாய்த்து நிதானமாக வேலை செய்யவேண்டுமே! முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்யும் இந்த உபசாரம் என்னை நெகிழ வைக்கிறது.

விளக்கு நிற்கும் இடமும் நேர்த்தியானது. விற்பவரின் தலைக்குப் பின்னால் வைத்தால் அவர் நிழலே பட்டின்மேல் விழும். அதனால் வரிசையை மேசைக்கு நேர்மேலே, வாங்குபவர் பக்கமாக ஒரு கட்டம் நகர்த்துகிறார்கள். விரித்த முந்தானையில் நிழல் இல்லை. ஜரிகை மட்டும் கண் திறக்கிறது.

அப்புறம் நிறம். 6500 கெல்வின் வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சள் சோர்ந்துபோகும். 3000-இல் வெண்பட்டு சந்தனமாகிவிடும். 4000 நடுவில் நிற்கிறது. அதுவும் போதாது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100 வரை ஓர் அளவுகோல் உண்டு; கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பேனல் 80-ஐ ஒட்டி நிற்கும். 90-க்குமேல் உள்ளதைத் தேடி மாட்டிய கடையில்தான் அரக்குச் சிவப்பு தன் ஆழம் முழுவதையும் காட்டும், மயில்கழுத்தின் ஊடும் பாவும் தனித்தனியே மினுங்கும்.

பழைய வாடிக்கையாளர்கள் புடவையை அஞ்சடிக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நீங்களும் அப்படிப் பாருங்கள். உள்ளே கண்ட அதே அரக்கு வெளியிலும் தெரிந்தால், திரும்பி வந்து அந்த விளக்கையும் ஒருமுறை ரசியுங்கள்.